சாளரமும் கணிப்பொறியும்: மருத்துவமனைக் கட்டட வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பது

1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் அருள்திரு தாமஸ் கஜெத்தான் ராக்லண்ட் உயிர் துறந்தார். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோவாக இருந்தவர். சர்ச் மிஷனெரி சங்கத்தின் சென்னைச் செயலராகப் பணியாற்றியவர். 1854 முதல் வட திருநெல்வேலியின் கரிசற் சீமையில் கூடாரமடித்து ஊர் ஊராய்ச் சென்று ஊழியம் செய்தவர். நுரையீரல் நோயே அவருடைய உயிரைக் கவர்ந்தது. அதே அக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் கூடிய சமூக அறிவியல் மாநாடு ஒன்றில், புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எழுதிய இரண்டு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. மருத்துவமனைக் கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே அவற்றின் பொருள். அடுத்த ஆண்டில் அவை நூலாக வெளிவந்து, உலகெங்கும் மருத்துவமனைகளின் உருவத்தை மாற்றின.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடும் இருக்கன்குடி வட்டாரத்தில் வாழும் நமக்கு இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணுவது பயனுடையது. நோயுற்றவன் எத்தகைய அறையில் கிடக்கிறான் என்பது அவன் உட்கொள்ளும் மருந்தைப் போன்றே முக்கியமானது என்று உலகம் உணரத் தொடங்கிய காலம் அது.

இன்று மருத்துவமனை எழுப்ப விரும்புவோர், ஒரு செங்கல்லை வைக்கும் முன்னரே அக்கட்டடம் முழுவதையும் கணிப்பொறிக்குள் எழுப்பிப் பார்க்க இயலும். எந்த அறை எந்நேரத்தில் எவ்வளவு சூடேறும், காற்று எவ்வழியே நுழைந்து எவ்வழியே வெளியேறும், ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பனவற்றை முன்கூட்டியே கணக்கிடலாம். இது பொறியாளரின் வேலையன்றோ, போதகர்களுக்கு இதில் என்ன என்று சிலர் வினவக்கூடும். நம் திருமண்டலங்களின் மருத்துவமனை ஆளுகைக் குழுக்களில் போதகர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பழைய வார்டை இடிப்பதா வேண்டாமா, புதிய கட்டடத்திற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று கையுயர்த்துபவர்கள் அவர்களே. ஆகவே இக்கருவிகள் தோன்றிய வரலாற்றை அறிவது நம் கடமைகளுள் ஒன்றாகும்.

1. தவறான கொள்கையும் சரியான சாளரமும்

1854 முதல் 1856 வரை கிரிமியப் போர்க்களத்தின் மருத்துவமனைகளில் பணியாற்றிய நைட்டிங்கேல், போர்க்காயத்தால் மாண்டவர்களைவிட மருத்துவமனையில் தொற்றிய நோயால் மாண்டவர்களே மிகுதி என்பதைக் கண்டார். நோயைப் பரப்புவது கெட்ட காற்று என்று அக்காலத்து மருத்துவர் பலரைப் போல் அவரும் நம்பினார். எனவே நீண்ட, குறுகலான வார்டுகள் வேண்டும் என்றார். ஒவ்வொரு வார்டிலும் ஏறத்தாழ 30 படுக்கைகள் இருக்க வேண்டும். இரு பக்கங்களிலும் எதிரெதிராகச் சாளரங்கள் திறக்க வேண்டும். இரண்டு படுக்கைகளுக்கு ஒரு சாளரமேனும் வேண்டும். வார்டுகள் ஒன்றையொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். 1871இல் இலண்டனில் திறக்கப்பட்ட செயின்ட் தாமஸ் மருத்துவமனை இம்முறையில் எழுந்தது.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆயினும் இந்தியாவிலிருந்த படைவீரர்களின் உடல்நலத்தை ஆராய்ந்த அரசு ஆணையத்தின் பணியில் அவர் பெரும்பங்கு கொண்டார். போர் இல்லாத காலத்திலும் ஆண்டுதோறும் ஆயிரம் ஆங்கிலப் படைவீரர்களில் 69 பேர் இங்கு மாண்டனர் என்பதை 1863இல் வெளியான அவ்வறிக்கை காட்டியது. வடிகால், குடிநீர், நெருக்கமற்ற இருப்பிடம், காற்றோட்டம் ஆகியவற்றை அவர் வற்புறுத்தியதன் பின்னணி இதுவே.

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். கெட்ட காற்றே நோய் என்னும் கொள்கை படிப்படியாக வீழ்ந்தது. ஆனால் சாளரம் வீழவில்லை. ஏனெனில் காசநோய்க் கிருமி இருமுபவரின் மூச்சுத் துளிகளோடு வெளிப்பட்டுக் காற்றில் மிதக்கிறது. புதுக்காற்று பெருக்கெடுத்து வரும் அறையில் அது நீர்த்துப் போகிறது. விளக்கம் பிழையாயிருந்தும் செயல் சரியாயிருந்தது. எனினும் எவ்வளவு காற்று போதும், எத்திசையில் சாளரம் வேண்டும் என்பதை அளந்து சொல்லும் வழி அன்று இல்லை. அனுபவமும் ஊகமுமே வழிகாட்டின.

2. நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகள்

நெய்யூரில் மருத்துவ ஊழியம் 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயின் வருகையோடு தொடங்கியதை நாம் அறிவோம். மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் எழுப்பிய ஆல்பர்ட் விக்டர் மருத்துவமனை 1897இல் திறக்கப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களில் இந்து ஜமீன்தார்களும் வணிகர்களும் இருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் 40 படுக்கைகளோடு எழுந்தது.

இக்காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் பொது இலக்கணம் ஒன்றே: உயர்ந்த கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர், சுற்றிலும் அகன்ற தாழ்வாரம், எதிரெதிர்ச் சாளரங்கள், மேலே தட்டோடு பதித்த மெத்தை. மின்சாரம் இல்லாத காலத்தில் இவையன்றி வேறு வழியில்லை. தாழ்வாரம் வெயிலைத் தடுத்தது. நோயாளியின் உறவினருக்குத் தங்குமிடமும் ஆயிற்று. நம் ஊர்த் திண்ணை செய்த வேலையையே அது செய்தது.

காசநோய் இல்லங்கள் இவ்விலக்கணத்தை இன்னும் விரிவாக்கின. பல மிஷன் சங்கங்கள் கூடி மதனப்பள்ளியருகே நிறுவிய ஆரோக்கியவரத்தில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் தலைமை தாங்கினார். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் இல்லம் கண்டார். அங்கெல்லாம் காற்றும் ஓய்வும் உணவுமே மருந்து.

பின்னர் மருந்து வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, காசநோய் இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களையும், நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஏழைகளுக்கு இது பெரும் நற்செய்தி. படுக்கை கிடைக்கவில்லையே என்று எவரும் சாக வேண்டியதில்லை என்றாயிற்று. ஆனால் நாளடைவில் அதற்கு ஒரு பக்க விளைவும் நேர்ந்தது எனலாம். மருந்தே போதும், காற்று எதற்கு என்னும் எண்ணம் உலகெங்கும் கட்டடம் எழுப்புவோர் மனத்தில் மெல்லப் புகுந்தது.

இதற்கு எதிர்நீச்சல் போட்டவரும் உண்டு. தொழுநோயாளர் மிஷனின் கட்டடக் கலைஞராக 1945இல் இந்தியா வந்த குவேக்கர் சபையினரான லாரி பேக்கர், மருத்துவரான தம் மனைவி எலிசபெத்தோடு இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல்லாண்டுகள் மருத்துவப் பணிக்குத் துணை நின்றார்; பின்னர்க் கேரளத்தில் குடியேறினார். அந்தந்த ஊரின் கல்லையும் மண்ணையும் செங்கல்லையும் கொண்டு, துளைச்சுவர் வழியே காற்றை அழைத்து, குறைந்த செலவில் கட்டுவது அவர் வழி. வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையைச் சூழ்ந்திருந்த வறண்ட பொட்டலை டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி மரங்கள் நட்டுப் பசுஞ்சோலையாக்கினார். கட்டடத்தின் குளிர்ச்சி சுவரோடு முடிவதில்லை, அதைச் சூழ்ந்த நிலத்தையும் பொறுத்தது என்பதற்கு அது சான்று.

3. மூடிய கட்டடத்தின் காலம்

குளிர்சாதனம் மருத்துவமனைக்காகத் தோன்றியதன்று. 1902இல் நியூயார்க்கு நகரின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகியது. அதைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் முதல் கருவியை வடிவமைத்தார். அச்சுத் தொழிலால் பிழைக்கும் சிவகாசி மக்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். தாளுக்காக வந்த கருவி பின்னர் மனிதனுக்காயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவமனைகள் சாளரத்தை மூடி, கண்ணாடி போர்த்து, உட்புற அறைகள் மிகுந்த பெருங்கட்டடங்களாயின.

இதன் விலை முதன்முதலில் 1973இல் தெரிய வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. மருத்துவமனையோ இரவும் பகலும் இயங்குவது. அலுவலகத்தைப் போல் மாலையில் விளக்கணைத்துப் பூட்ட இயலாதது.

மற்றொரு விலை உயிரால் செலுத்தப்பட்டது. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் கீழ்த்தளத்தில் பற்றிய தீயினின்று எழுந்த புகை, மூடிய கட்டடத்தின் மேல்தளங்களுக்குப் பரவியது. ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் படுக்கையிலிருந்த நோயாளிகள், மூச்சுத் திணறி மாண்டனர். மீட்க வந்தவர்கள் கண்ணாடியை உடைத்தே உள்ளே புக நேர்ந்தது.

அறிவியலும் பழைய சாளரத்துக்குச் சாட்சி சொன்னது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் அறைகளை அளந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. கதவும் சாளரமும் திறந்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் காற்று ஏறத்தாழ 28 முறை மாறியது. தொற்றுநோயாளரின் தனியறைகளுக்கு இயந்திரத்தால் தரவேண்டியதாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 12 முறையே. அதிலும் 50 ஆண்டுகளுக்கு முற்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய சாளரமும் கொண்ட கட்டடங்களில் அது 40 முறை. பிற்காலக் கட்டடங்களில் 17 முறை. 2009இல் உலக சுகாதார நிறுவனம், இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது வார்டுகளில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டரும், காற்றால் பரவும் நோயாளர் அறைகளில் 160 லிட்டரும் புதுக்காற்று வேண்டும் என்று வரையறுத்தது. 2020இல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது, சாளரத்தைத் திறவுங்கள் என்னும் நைட்டிங்கேலின் அறிவுரை எல்லா மொழிகளிலும் மீண்டும் ஒலித்தது.

4. கணிப்பொறிக்குள் எழும் கட்டடம்

எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே கட்டடங்களின் ஆற்றற் செலவைக் கணிப்பொறியால் கணக்கிடும் முயற்சி அமெரிக்காவில் விரைவு பெற்றது. 1970களின் இறுதியில் அந்நாட்டு ஆற்றல் துறையின் ஆதரவில் டிஓஇ-2 என்னும் நிரல் உருவாயிற்று. அதன் வழித்தோன்றலான எனர்ஜிப்ளஸ் 2001இல் வெளியானது. அது எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவில் 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2007இல் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. 2017இல் அது திருத்தப் பெற்றது. விதிகளை ஒவ்வொன்றாய் நிறைவேற்றுவதற்கு மாற்றாக, கணிப்பொறியில் முழுக் கட்டடத்தையும் கணக்கிட்டு, மாதிரிக் கட்டடத்தைவிட அது மிகுதியாய்ச் செலவழிக்காது என்று காட்டும் வழியையும் அத்தொகுப்பு அனுமதிக்கிறது.

இக்கணக்கு மாயமன்று, பொறுமையான வரவு செலவே. கட்டடத்தைப் பல பகுதிகளாய்ப் பிரிக்கிறார்கள். ஓர் ஆண்டின் 8760 மணி நேரங்களுக்கும் அவ்வூரின் வெப்பம், ஈரம், வெயில், காற்று ஆகியவற்றின் அளவுகளை இடுகிறார்கள். கூரையும் சுவரும் கண்ணாடியும் வழியாக வரும் வெப்பம், மனிதரும் விளக்கும் கருவிகளும் வெளிவிடும் வெப்பம், காற்று கொண்டு வருவது, காற்று கொண்டு போவது ஆகிய அனைத்தையும் மணிக்கு மணி கூட்டிக் கழித்தால் அறையின் வெப்பநிலை கிடைக்கிறது. காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட வேறொரு வகை நிரல் உண்டு. அது அறையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாய்ப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் திசையையும் கண்டு, இருமுபவரின் மூச்சு யார் படுக்கைக்குச் செல்லும் என்பதைப் படமாய்க் காட்டுகிறது.

இருக்கன்குடியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9.4 பாகையில் உள்ளது. ஆகவே சித்திரைப் பிறப்பை ஒட்டியும், மீண்டும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நம் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே செல்கிறது. வடக்குச் சுவரில் வெயில் படாது என்னும் குளிர்நாட்டுப் பாடம் இங்கே பொருந்தாது. மேலும், நம் கட்டடங்களில் வெயிலைப் பெரிதும் வாங்குவது கூரை. அடுத்தபடியாகக் கிழக்கு, மேற்குச் சுவர்கள். தென்மேற்குப் பருவக் காலத்தில் நமக்கு வரும் நல்ல காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. சாளரத்தை மேற்கே திறந்தால் காற்றோடு மாலை வெயிலும் நுழையும். மூடினால் இரண்டும் நின்றுவிடும். தாழ்வாரத்தை எவ்வளவு அகலமாக்கலாம், கட்டடத்தை எவ்வளவு திருப்பி வைக்கலாம், செங்குத்துத் தடுப்புகளை எங்கே நிறுத்தலாம் என்னும் வினாக்களுக்குக் கணிப்பொறி ஒரே நாளில் பல விடைகளை ஒப்பிட்டுக் காட்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சும் தட்டோடும் இடுவதால் எவ்வளவு மிச்சம் என்பதையும் சொல்லும். பழைய கொத்தனார் மூன்று தலைமுறையில் கற்றதை அது மறுப்பதில்லை, அளவிட்டுக் காட்டுகிறது.

5. தீக்காயப் பிரிவு: நம் வட்டாரத்தின் வினா

மழை குறைந்த வறண்ட காற்றே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றத் துணை செய்தது. 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சி பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே தொழில் உயிர்களையும் வாங்கியது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். ஆகவே நம் வட்டாரத்தில் மருத்துவமனைக் கட்டடம் என்று பேசுவோர் தீக்காயப் பிரிவைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது.

உடலின் பெரும்பரப்பில் தோலை இழந்தவர், உடற்சூட்டையும் நீரையும் விரைவாய் இழக்கிறார். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போதும் அவர் குளிரால் நடுங்குவார். அந்நடுக்கம் அவருடைய எஞ்சிய வலிமையையும் உறிஞ்சும். எனவே அவருடைய அறையை ஏறத்தாழ 28 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கூற்று. மற்ற அறைகளைப் போல் 22 பாகைக்குக் குளிர்விப்பது அவருக்கு உதவியன்று. அதே வேளையில் புழுதியும் ஈயும் புகும் திறந்த சாளரமும் அவருக்கு ஆகாது. வடிகட்டிய தூய காற்று வேண்டும்.

ஆகவே, சாளரமா இயந்திரமா என்று வழக்காடுவது பயனற்றது என்பது தெளிவாகிறது. புறநோயாளர் கூடம், பொது வார்டு, காசநோய்ப் பிரிவு ஆகியவற்றுக்குத் தாழ்வாரமும் எதிரெதிர்ச் சாளரமும் ஏற்றவை. அறுவை அறைக்கும் தீக்காய அறைக்கும் மூடிய, வடிகட்டிய காற்று இன்றியமையாதது. எல்லாவற்றையும் மூடினால், வீணாகும் மின்கட்டணம் நாளை நோயாளியின் தலையில் விழும்; எல்லாவற்றையும் திறந்தால் வெந்த உடல் கிருமிக்கு இரையாகும். எவ்வறைக்கு எது, எவ்வளவு என்று பிரித்தறியவே கணிப்பொறிக் கணக்கு பெரிதும் உதவுகிறது. பொது வார்டில் மிச்சமாகும் பணம் தீக்காய அறையின் காற்று வடிகட்டிக்குப் போதுமா என்று குழுவினர் கேட்டால், ஊகமின்றி விடை கூறலாம்.

6. கருவியின் எல்லையும் நம் கடமையும்

கணிப்பொறியில் இடும் தகவல் பொய்யானால் விடையும் பொய்யாகும். சாளரம் நாள் முழுதும் திறந்திருக்கும் என்று கணக்கிட்டுவிட்டு, கொசுவுக்கு அஞ்சி மாலை ஆறு மணிக்கு அதை அடைத்துவிடும் செவிலியரை மறந்தால், அக்கணக்கு தாளோடு நின்றுவிடும். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்று கருதும் பாட்டியையும், ஒரு நோயாளியோடு வந்து தங்கும் உறவினர் நால்வரையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றைப் பொறியாளர் அறியார். வார்டுகளில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் போதகர் அறிவார். கொசுவலை அடித்த சாளரம் வேண்டும் என்று அவர் குழுவில் சொல்லும் ஒரு சொல், பெரிய கணக்கொன்றைக் காப்பாற்றக்கூடும்.

புதுவீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அப்பழி வீட்டுக்காரனைச் சேரும். கட்டட விதியை அயலானிடம் காட்டும் அன்பின் ஒரு கூறாகவே பழைய ஏற்பாடு காண்கிறது. விழக்கூடியவன் இன்னும் விழவில்லை. அவன் யாரென்றும் தெரியாது. எனினும் அவனுக்காக இன்றே சுவர் எழ வேண்டும். கட்டுமுன் கணக்கிட்டுப் பார்ப்பதும் இத்தகைய கடமையே என்று நாம் கருதுகிறோம்.

எனவே, ஆளுகைக் குழுக்களில் அமரும் நம் உடன் ஊழியர்கள் புதிய கட்டட வரைபடம் மேசைக்கு வரும்போது நான்கு வினாக்களையேனும் எழுப்ப வேண்டும். இக்கட்டடம் நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பக் கணக்கிடப்பட்டதா? ஒவ்வொரு வார்டிலும் நோயாளி ஒருவருக்கு எவ்வளவு புதுக்காற்று கிடைக்கும்? மின்சாரம் நின்றால் எந்த அறை எத்தனை மணி நேரம் தாங்கும்? தீப்பற்றினால் புகை எவ்வழியே வெளியேறும், படுக்கையிலிருப்பவர் எவ்வழியே வெளியேறுவர்? இவ்வினாக்களுக்கு எண்களோடு விடை வரும் வரை ஒப்பம் இடாதிருப்பது முட்டுக்கட்டை ஆகாது, அது பொறுப்பாகும். பழைய வார்டை இடிக்கும் தீர்மானம் வந்தால், முதலில் அதன் காற்றோட்டத்தை அளந்து பார்க்கச் சொல்வோம். நம் முன்னோர் விட்டுச்சென்ற உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் இன்னும் அரை நூற்றாண்டுக்கு ஏழைகளைத் தாங்கக்கூடும் என்று அக்கணக்கே நமக்குச் சொல்லலாம். அவ்வாறு மிஞ்சும் பணம், வெந்த உடலோடு வாசலுக்குக் கொண்டுவரப்படும் பட்டாசுத் தொழிலாளியின் படுக்கைக்குச் சேரட்டும்.